வீட்டுக்குள் கேட்கக் கூடாத கேள்வி

சாவோ ஜோர்ஜ் தீவு
23 பிப்ரவரி 1986

அன்புத் தம்பி ஜெர்மானோவுக்கு அக்கா டியோலிண்டா எழுதுவது. நானும் என் ஐந்து மாடுகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். டொரொன்டோ குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் பெண்டாட்டி இடலீனா பத்திரமாக வந்து சேர்ந்தாள். மூடுபனியில் விமானம் இறங்க முடியாமல் இரண்டு தரம் திரும்பிப் போய், மூன்றாம் நாள்தான் இறங்கியது. பாவம், முகம் வெளுத்துப்போய் வந்தாள். சேப்பங்கிழங்கும் பன்றித் தொத்திறைச்சியும் வறுத்துப் போட்டேன், இரண்டு தட்டு சாப்பிட்டாள். அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீ பெல்மிரோ கடைக்குப் போன் பண்ணியபோது லைன் கரகரவென்று இருந்தது. "இடலீனா வர்றா, இடலீனா வர்றா" என்பது மட்டும் காதில் விழுந்தது. எப்போது திரும்புகிறாள் என்று நீ சொன்னாயோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. கடையில் இருந்த ஆறு பேருக்கும் கேட்கவில்லையாம், விசாரித்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகஸ்டில் வருவார்கள். பிப்ரவரியில் வந்தால் அது சாவுக்கு வந்ததாக இருக்கும். இங்கே யாரும் சாகவில்லை. அவள் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, இரண்டும் தூக்க முடியாத கனம். ஒன்றில் அவளுடைய தையல் கத்தரிக்கோல்கூட இருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவள் கத்தரிக்கோலை எதற்குச் சுமந்து வருகிறாள் என்று நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

என் வீட்டை ஒட்டிய மேட்டில் நீ கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மேல் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். எடுத்துத் திரும்ப ஆணியிலேயே மாட்டினாள். "இப்ப வேணாம் அக்கா. உங்க வீட்டுலயே ஒரு மூலை குடுங்க" என்றாள். பின்கட்டு அறையைக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் இருப்பாள்? என்னால் கேட்க முடியாது. தெருவில் நின்று யார் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கூரைக்குக் கீழே வந்த விருந்தாளியைக் கேட்டால், தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்து வாசலைக் காட்டியது மாதிரி. அம்மா நம்மை அப்படித்தானே வளர்த்தாள். படுக்கை விரிப்பு, கோழி, விறகு எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு கணக்கு வேண்டும். உனக்குத்தான் தெரிந்திருக்குமே, ஒரு வரி எழுது.

உன் நலம் வேண்டும்
அக்கா டியோலிண்டா


டொரொன்டோ
19 மார்ச் 1986

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. என் முழங்கால் பரவாயில்லை. இங்கே இன்னும் பனி கரையவில்லை.

இடலீனா தடித்த கோட்டை எடுத்துப் போகவில்லை. அலமாரியில் தொங்குகிறது. அங்கே ஈரக்காற்று அதிகம், அவளுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். கணப்புப் பக்கத்தில் படுக்கச் சொல். சாப்பிட்ட பிறகு காப்பி குடித்தால் தூக்கம் வராது அவளுக்கு, ஆனாலும் குடிப்பாள். இப்போதும் குடிக்கிறாளா?

எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய். அவள் இஷ்டம். இங்கே அவசரம் ஒன்றுமில்லை. நீயே பேச்சுவாக்கில் கேட்டுப் பாரேன். ஏதாவது சொன்னால் எனக்கும் எழுது.

மாடுகளுக்கும் என் விசாரிப்பு.
தம்பி ஜெர்மானோ


சாவோ ஜோர்ஜ் தீவு
13 ஏப்ரல் 1986

அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிற்று. உனக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். காப்பி குடிக்கிறாள், தூங்கவும் தூங்குகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது, கவலைப்படுகிற இருமல் இல்லை.

நீ கெட்டிக்காரன். நான் உன்னைக் கேட்டால் நீ என்னைக் கேட்கச் சொல்கிறாய். பெண்டாட்டி எப்போது வருவாள் என்று புருஷனுக்கே தெரியாதா என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? "எப்ப வந்தே, எப்ப போறே" என்று இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இடலீனா ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஜெனோவேவா தண்ணீர்க் குழாயடியில் கேட்டதற்கு, "அக்காவோட கறுப்பு மாடு கன்னு போடற வரைக்கும்" என்றாளாம். பெல்மிரோவிடம், "இந்த மூடுபனி விலகட்டும்" என்றாளாம். பங்குச் சாமியாரிடம் கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டாள், அவர் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? இவர்கள் எல்லாரும் பெல்மிரோ கடையில் கூடிப் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று என்னிடம் புகார் வந்தது.

தபால்காரரும் கேட்டார். "நீங்க எனக்குன்னு ஒரு கடிதம் கொண்டாற வரைக்கும்" என்றாள். அவர் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராகக் கேட்கக் கூடாது, பக்கவாட்டில் வரலாம் அல்லவா. போன வாரம் பன்றிக்குட்டி வாங்கப் போகும் முன்னால் சாதாரணமாகக் கேட்டேன்.

"ஒண்ணு வாங்கவா, ரெண்டு வாங்கவா? எனக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"ரெண்டு வாங்குங்க அக்கா."

"ரெண்டுக்குத் தீனி யாரு வைக்கறது?"

"நான் வைக்கறேன். எனக்கென்ன வேலை இங்க?"

இரண்டு வாங்கியாயிற்று. பன்றி எந்த மாதத்தில் வெட்டுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டொரொன்டோவில் மறந்துபோயிருந்தால் சொல்கிறேன், டிசம்பரில்.

நீ நன்றாகச் சாப்பிடு. டப்பா உணவு வேண்டாம்.
அக்கா


டொரொன்டோ
8 மே 1986

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்தான். முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு பன்றி வேலை அதிகம். உனக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம். ஆனால் அவளாகச் சொன்னாள் என்றால் சரி.

அவளிடம் ஒன்று சொல். இங்கே சமையலறை ஜன்னலில் காற்று வருகிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடைத்துவிட்டேன். மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்தேன், சுடர் அசையவில்லை. இதை மறக்காமல் சொல்.

நானே அவளுக்கு எழுதலாம். எழுதினால் வா வா என்று நெருக்குவது போல ஆகிவிடும். அதனால் உன் மூலமாகவே இருக்கட்டும்.

தம்பி ஜெர்மானோ


சாவோ ஜோர்ஜ் தீவு
12 ஜூன் 1986

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். முட்டையை மட்டும் தின்றுகொண்டு இருக்காதே.

கறுப்பு மாடு கன்று போட்டது. அன்றைக்கே ஜெனோவேவா வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "கன்னு வந்தாச்சு போலிருக்கே" என்று இழுத்தாள். இடலீனா தலையைத் தூக்கவேயில்லை. "செவலை மாடும் சினைதானே" என்றாள். ஜெனோவேவா வந்த வழியே போனாள். எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது.

ஜன்னல் விஷயம் சொன்னேன். "அடைச்சிட்டாரா?" என்றாள். மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்ததையும் சொன்னேன். துடைத்து முடித்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தூய ஆவித் திருநாள் இந்த வருஷம் மழை இல்லாமல் நடந்தது. ஏழு ஞாயிறும் ஏழு வீட்டில் தூய ஆவியின் கிரீடம் இருந்தது, ஏழு வீட்டிலும் சாப்பிட்டோம். புதினா போட்ட மாட்டுக்கறிச் சாறும் ரொட்டியும் எந்த வீட்டில் நன்றாக இருந்தது என்று எங்களுக்குள் சண்டை. கடைசியில் வழக்கம் போல அடுத்த வருஷம் கிரீடம் யார் வீட்டுக்கு என்று சீட்டு எடுத்தார்கள். மற்றதை எழுதக் காகிதம் போதவில்லை.

அக்கா


டொரொன்டோ
6 ஜூலை 1986

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

காகிதம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

நேற்று ரொட்டிக் கடைக்குப் போனேன். நம்மூர் டிமொட்டியோ கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். "வாழ்த்துடா ஜெர்மானோ, அடுத்த வருஷம் கிரீடம் உன் வீட்டுக்கு வருதாமே. அதுவும் ஏழாவது ஞாயிறு, பெரிய நாள். சொல்லவே இல்லையே. விருந்துக்கு மாடு யாருகிட்ட வாங்கப் போறே?" என்றான். கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவன் அங்கிருந்தவர்களுக்கெல்லாம் என் கணக்கில் காப்பி ஊற்றினான்.

என் பெண்டாட்டி அடுத்த ஜூன் வரைக்கும் ஊரில் இருக்கப் போகிறாள் என்பதை நான் ரொட்டி வாங்கும் இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமா? நீ என் அக்கா. நீ ஏன் எழுதவில்லை?

இன்னொரு குளிர்காலம் அங்கே என்றால் அவளுக்குத் துணி வேண்டும். கோட்டு, பூட்ஸ், கம்பளிகள் எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். செப்டம்பரில் வரும்.

ஜெர்மானோ


சாவோ ஜோர்ஜ் தீவு
3 ஆகஸ்ட் 1986

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம். கோபத்திலும் நலம் விசாரித்தாயே, அந்த மட்டும் சந்தோஷம். நான் நலம்.

நடந்ததை எழுதுகிறேன். பூசை முடிந்து எல்லாரும் சிறு கோயில் வாசலில் நின்றோம். அடுத்த வருஷம் வீட்டில் கிரீடம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பேரைச் சொல்லுங்கள், சீட்டில் எழுதுகிறோம் என்றார்கள். வழக்கமான ஆட்கள் போனார்கள். நான் கன்றுக்குட்டியை நினைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் பார்த்தால் இடலீனாவைக் காணோம். அவள் முன்னால் நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுதுகிறவர் கேட்டார், "எந்த வீடும்மா?"

கிரீடம் விருந்தாளிக்கு வராது, வீட்டுக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். ஏழு ராத்திரி கதவைத் திறந்து வைத்து, ஜெபமாலை சொல்ல வருகிற எல்லாரையும் உட்கார வைக்க வேண்டும். பூட்டின வீட்டுக்கு அது போகாது.

"மேல் வீடு" என்றாள்.

ஜெனோவேவா என்னைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன். சீட்டு எடுத்தபோது ஏழாவதாக வந்தது அவள் பேர்தான். "மேல் வீடு, ஜெர்மானோ மனைவி இடலீனா" என்று படித்தார்கள். ஆமாம், உன் பேரையும் சேர்த்தேதான் கொடுத்திருக்கிறாள். அதை நீ கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள். சாவி ஆணியிலேயே தொங்குகிறது. மேல் வீட்டுக்குக் கிரீடத்தைக் கூப்பிட்டவள் மேல் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இது எனக்குப் புரியவில்லை.

நான் ஏன் எழுதவில்லை என்றால், நீ வருத்தப்படுவாய் என்று. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை இப்போது எழுதமாட்டேன்.

தீவு முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். எல்லாரும் எல்லாரையும் எப்போது போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் டக்கென்று தேதி சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு சுலபமான விஷயம்.

பதில் எழுது.
அக்கா


சாவோ ஜோர்ஜ் தீவு
21 செப்டம்பர் 1986

தம்பிக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லை என்று டிமொட்டியோவின் தங்கை மூலம் கேள்விப்பட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறவன் எழுதவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

உன் பெட்டி வந்தது. சமையலறைத் தரையில் வைத்து இடலீனாதான் பிரித்தாள். கோட்டு வந்தது, கம்பளி வந்தது, பூட்ஸ் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குளிருமேன்னு அனுப்பியிருக்கான். எவ்வளவு அக்கறை பாரு" என்றேன் நான்.

"அக்கறையா அக்கா? அலமாரியையே காலி பண்ணி அனுப்பியிருக்காரு. அங்கேயே கெடன்னு சொல்ல இதைவிட வேற வழி வேணுமா? ஒரு துண்டுக் காயிதம்கூட உள்ள இல்லை."

நான் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். அந்துருண்டைதான் விழுந்தது. நீ ஒரு முட்டாள், ஜெர்மானோ. அவளுக்கு நெஞ்சு கட்டும், கோட்டு வேண்டும் என்று எனக்கு மூன்று கடிதம் எழுதத் தெரிந்தவனுக்கு, அதை அவளுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். அம்மா இருந்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து, என் கூரைக்குக் கீழேயே கேட்டேன்.

"இடலீனா, நீ எத்தனை நாள் இருப்பே?"

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அப்பாடா. நீங்களாவது கேட்டீங்களே" என்றாள். "முப்பத்தொரு வருஷம் கனடாவுல இருந்தேன் அக்கா. நீ எத்தனை நாள் இருப்பேன்னு ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. உங்க தம்பி இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்னு எல்லாருக்கும் முடிவு. அவருக்கும் அதே முடிவு. நான்தான் அவரைக் கேப்பேன். கேக்கறப்பல்லாம், இன்னும் ரெண்டு வருஷம் இடலீனா, ரெண்டே வருஷம். அந்த ரெண்டு வருஷத்துலதான் எனக்கு முடி நரைச்சுது."

"அது தெரிஞ்ச கதைதானே" என்றேன்.

"தெரியாதது ஒண்ணு இருக்கு. போன கிறிஸ்துமஸுக்கு அவரோட முதலாளி விருந்து வச்சாரு. சும்மா பேசிக்கிட்டிருந்தவரு, நீ இன்னும் எத்தனை வருஷம் இருப்பே ஜெர்மானோன்னு கேட்டாரு. இவரு அஞ்சுன்னாரு. யோசிக்கக்கூட இல்லை அக்கா. அஞ்சு. நான் பக்கத்துல கேக்குத் தட்டோட நிக்கறேன். எனக்கு ரெண்டு, முதலாளிக்கு அஞ்சு."

"அதுக்காகவா வந்தே?"

"டிக்கெட் வாங்கினேன். என் புருஷன் கேப்பாருன்னு பாத்தேன். ஏர்போர்ட் வரைக்கும் பாத்தேன். பெட்டி ரொம்பக் கனமா இருக்கேன்னாரு. அதைத்தான் கேட்டாரு."

"சரி, நான் கேட்டதுக்குப் பதில் எங்கே?"

"கேக்க வேண்டியவரு கேட்டா சொல்றேன் அக்கா. நீங்க கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. உன் மேல்தான் கோபம். இனி அவள் காப்பி குடிக்கிறாளா, தூங்குகிறாளா என்று என்னைக் கேட்காதே. நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று செய்தி சுமக்கமாட்டேன். விலாசம் உனக்குத் தெரியும். மேலே அவள் பேரை எழுத வேண்டியதுதான் பாக்கி.

உன் முழங்கால் நன்றாக இருக்கட்டும்.
அக்கா


டொரொன்டோ
20 அக்டோபர் 1986

இடலீனாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? அக்காவைக் கேட்காமல் உன்னையே கேட்கிறேன். நான் சுகமாக இல்லை, ஆனால் நோய் இல்லை.

பூட்ஸ் அனுப்பியது உன் கால் நனையக் கூடாது என்று. வேறு அர்த்தம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அலமாரி காலியாக இல்லை. உன் பச்சை உடையை மடித்துப் பெட்டியில் வைத்தேன், திரும்ப எடுத்து மாட்டிவிட்டேன். அதை அனுப்ப மனசு வரவில்லை.

ஐந்து வருஷம் என்று முதலாளியிடம் சொன்னதை நீ கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். உன் தட்டு ஆடியது. அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். இடலீனா, ஐந்தும் பொய், இரண்டும் பொய். உன் முகம் வாடக் கூடாது என்று உனக்கு ஒரு கணக்கு, வேலை போகக் கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அங்கே வந்தால் நான் என்ன ஆள் என்று தெரியாது. இங்கே காலையில் ஐந்து மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, அதனால் நான் யார் என்று தெரிகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏர்போர்ட்டில் கேட்க நினைத்தேன். நீ சொல்லப்போகும் பதிலுக்குப் பயந்து பெட்டியைப் பற்றிப் பேசினேன்.

இப்போது கேட்கிறேன். நெருக்கவில்லை, கோபமும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். நீ அங்கே எத்தனை நாள் இருப்பாய்?

ஜெர்மானோ


சாவோ ஜோர்ஜ் தீவு
9 நவம்பர் 1986

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நெஞ்சு கட்டவில்லை. கோட்டு உபயோகமாக இருக்கிறது.

தபால்காரர் கடிதத்தை என் கையில்தான் கொடுத்தார். "உங்களுக்குன்னு ஒண்ணு கொண்டாந்துட்டேன், அப்ப கெளம்பறீங்களா?" என்று கேட்டார். நான் அவருக்குச் சொன்ன பழைய பதிலை அவர் மறக்கவில்லை. இல்லை என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான். நான் இங்கேதான் இருப்பேன். கிரீடம் வந்து போன பிறகும் இங்கேதான். தேதி கிடையாது.

நீங்கள் கேட்டதும் வந்துவிடுவேன் என்று நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டால் வருவேன் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்க வேண்டும் என்று மட்டும்தான் ஆசைப்பட்டேன்.

உங்களை விட்டுவிட்டு வந்தேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீட்டில் உங்கள் பேரையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அது யாருக்காகவும் செய்ததில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. மேல் வீட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து முப்பது ராத்திரிகூடத் தூங்கியிருக்கமாட்டோம். அதனால்தான் தனியாக அந்தக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

நீங்கள் வருவதானால் வாருங்கள். வாசலில் நின்றதும் நான் கேட்பேன், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று. மூன்று நாள் என்றாலும் சரி, தெரியாது என்றாலும் சரி. இரண்டு வருஷம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பச்சை உடையைக் கொண்டு வாருங்கள்.
இடலீனா


டொரொன்டோ
24 நவம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

உன் திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். நீ சுகமா?

டிசம்பர் 21 வருகிறேன், மூடுபனி விட்டால். பன்றிகளை நான் வரும் வரைக்கும் வைத்திரு. முதலாளியிடம் சொல்லிவிட்டேன், கையில் இருக்கும் கட்டிடம் ஏப்ரலில் முடிகிறது, அதோடு சரி என்று. அவர் நம்பவில்லை. "நெஜமாவா?" என்று மூன்று தரம் கேட்டார். இப்போது வந்தால் மூன்று வாரம்தான் இருக்க முடியும், ஜனவரியில் திரும்ப வேண்டும். ஏப்ரலில் மறுபடி வருவேன். அதற்கப்புறம் எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாசலில் கேட்பாளாம். இதையே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி முன்னால். நேற்று இரண்டு வருஷம் என்று வாய் தவறி வந்துவிட்டது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். வந்த அன்றைக்கு நான் எங்கே படுப்பது? உன் வீட்டில்தானே? அவள் என்ன நினைப்பாளோ தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி ஜெர்மானோ


சாவோ ஜோர்ஜ் தீவு
5 டிசம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்பும் முன்னால் வந்து சேருமோ, நீ கிளம்பிய பிறகு வருமோ தெரியாது. எப்படியும் எழுதிவிடுகிறேன். நான் நலம், பன்றிகள் மிகவும் நலம். இரண்டும் நடக்க முடியாமல் கொழுத்திருக்கின்றன. வெட்டுவது 23ஆம் தேதி, ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. நீ வருகிறாய் என்று பெல்மிரோ கடையில் எல்லாருக்கும் தெரியும். எப்போது போகிறாய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன், இந்தப் பதில் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

இன்னொரு காரணம் இருக்கிறது என்று ஆகஸ்டில் எழுதினேன் அல்லவா. எத்தனை நாள் இருப்பாள் என்று முதல் தடவை உன்னைக் கேட்டது படுக்கை விரிப்புக் கணக்குக்காகத்தான். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில். அம்மா போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் சத்தம்கூட இல்லாமல் ஒன்பது வருஷம் இருந்துவிட்டேன் ஜெர்மானோ. சீட்டு விஷயத்தை உனக்கு எழுதினால் நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று தோன்றியது. அதனால்தான் அந்தப் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டேன். தப்புதான். ஆனால் மறுபடி நடந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

நீ எனக்கு எழுதியதைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். செய்தி சுமக்கமாட்டேன் என்றேன், உண்மைதான், இது சுமப்பது இல்லை, சத்தமாகப் படிப்பது. கண்ணாடி முன்னால் வாய் தவறியதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கே படுப்பது என்ற இடம் வந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் மேல் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. ஜெனோவேவா தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடினாள். இடலீனா அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கூடத்தைக் கூட்ட வைத்துவிட்டாள். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. ஈர வாடை போக இன்னும் ஒரு வாரம் ஆகும்.

பின்கட்டு அறையிலிருந்து பெட்டி இரண்டையும் நானும் அவளும்தான் தூக்கிக்கொண்டு போனோம். எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறைக்கவில்லை, அவளிடமே சொன்னேன். "நடுவுல ஒரு கல்சுவருதானே அக்கா. இருமினா கேக்கும்" என்றாள். நேற்று ராத்திரி கேட்டது.

படுக்கை பற்றிக் கேட்டிருந்தாய். என் வீட்டில் உனக்குப் படுக்கை போடவில்லை, போடவும் மாட்டேன். என் ஆணியில் சாவியும் இல்லை. நேரே மேலே போய்க் கதவைத் தட்டு. அவள் கேட்பாள், பதில் சொல்லிவிட்டு உள்ளே போ. விருந்தாளியை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் தம்பி, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

மூடுபனி விலகட்டும்.
உன் அக்கா டியோலிண்டா